இல்லையக்கா ஊதச் சொன்னார்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் விற்பதற்காகக் கடை போட்டவர்கள் ஆயிரம் பேர் உண்டு. விற்க மாட்டேன் என்று சொல்வதற்காகவே கடை போட்டவர் எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கும் இல்லையக்கா.

சிகரெட் கேட்டால் இல்லை. பீடி இல்லை. தீப்பெட்டி உண்டு, ஆனால் ஆண்களுக்கு இல்லை. கூப்பிடு தூரத்தில் அரசாங்க மதுக்கடை இருப்பதால் பிளாஸ்டிக் டம்ளரும் இல்லை. ஊறுகாய் பாக்கெட் கேட்டால் வீட்டில் என்ன சமையல் என்று விசாரிப்பார். ஒருவர் தடுமாறாமல் தயிர்ச்சாதம் என்று சொல்லிவிட்டார். மனைவிக்குப் போன் போடச் சொன்னார் அக்கா. ரோட்டில் எந்த பஸ்ஸும் இல்லாதபோதே, பஸ் வந்துவிட்டது என்று அவர் ஓடினார்.

இந்தக் கோபத்தின் காரணம் அக்கா குடியிருக்கும் தெருவுக்கே தெரியும். அக்காவின் அப்பா குடித்துச் செத்தார். கணவர் பீடி பிடித்து நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். "எங்கப்பனைக் கொன்னது கவர்மெண்டு சீல் வச்ச பாட்டிலு. எம் புருசனைக் கொன்னது வரி கட்டுன பீடி. ரெண்டு மேலயும் கேசு இல்ல" என்பார், முறுக்கை எடுத்துக் கொடுத்தபடியே.

அதே தெருவில் குடியிருந்து பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான். ஒருநாள் அறிவாளித்தனமாக ஆரம்பித்தேன். சில நாடுகளில் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்துவிட்டார்கள், குடியும் புகையும் அதைவிட அதிகக் குடும்பங்களைக் கெடுக்கின்றன, அப்புறம் அதற்கு மட்டும் ஏன் தடை என்று கேட்டேன்.

அக்கா முறுக்கு ஜாடியை டங்கென்று வைத்தார். "ரெண்டு கொலகாரன் வெளிய திரியுறான், மூணாவது ஆளை மட்டும் ஏன் உள்ள வச்சிருக்கீகன்னு கேக்குறீகளா தம்பி?"

மறுநாள் எனக்கு வாழைப்பழமும் இல்லை.

ஆகவே விசைத்தறி ஓட்டும் சேகரைக் கஞ்சாப் பொட்டலத்தோடு போலீஸ் பிடித்தபோது, தெருவிலேயே அதிகம் சந்தோஷப்படப்போவது அக்காதான் என்று நினைத்தோம். சேகருக்கு நாற்பது வயது. தறி மேடையில் நின்று நின்று இடுப்பு போய், வலி தெரியாமல் தூங்க அதைப் பிடித்துப் பழகியவர். சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். தலை நிமிரவே இல்லை.

அவரையும் மனைவி செல்வியையும் காலி செய்யச் சொல்லி, வீட்டு ஓனருக்கு மனுக் கொடுப்பது என்று தெருச் சங்கம் முடிவு செய்தது. 'போதைப் பழக்கம் உள்ளவர் எங்கள் தெருவில் குடியிருக்கக் கூடாது.' எழுதியவன் நான்தான். எழுதுகிறவன் தெருவில் இருந்தால் இதற்குத்தான் கூப்பிடுவார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையதாக இருந்தால் கனமாக இருக்கும் என்று ஞாயிறு சாயங்காலம் பத்துப் பேர் கடைக்குப் போனோம்.

அக்கா மனுவை முழுசாகப் படித்தார். பிறகு சங்கத் தலைவரைப் பார்த்து, "ஊதுங்கண்ணே" என்றார்.

தலைவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. போலீஸ் ஊதச் சொன்னால் ஊதுகிறீர்கள், எனக்கு ஊதினால் என்ன என்று கேட்டார். தலைவர் ஊதினார். "கவர்மெண்டு" என்று சொல்லி அக்கா அவரை இடது பக்கம் நிற்கச் சொன்னார். அடுத்தவர் ஊதினார். "பீடி." வலது பக்கம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரிடம் கிராம்பு வாசம் மட்டும்தான் அடித்தது. அக்கா கொஞ்சம் யோசித்து அவரையும் இடது பக்கமே அனுப்பினார். அரைமணிக்கு முன்னால் சிகரெட் பிடித்திருந்த நான் வலது பக்கம் போய் நின்றேன். இரண்டு வரிசை சேர்ந்தது. நடுவில் யாரும் மிஞ்சவில்லை.

"இதுல பேரை மட்டும் மாத்தி, உங்க எல்லார் வீட்டு ஓனருக்கும் குடுத்துட்டு வாரேன். காலி பண்ணுவீகளா?"

அக்கா மனுவைத் தலைவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவன் இழுத்தது தப்புதான். அதுக்கு ஒரு கடை தொறந்தா மறிக்கிற மொத ஆளு நாந்தான். ஆனா அவன் சீக்காளி. சீக்காளிய ஆசுபத்திரிக்கு அனுப்பணும். நீங்க ரோட்டுக்கு அனுப்புறீக."

மனுவை நாலாகக் கிழித்து, கடலைப் பொட்டலம் மடிக்கிற காகிதங்களோடு வைத்துவிட்டார்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு மதுக்கடை ஷட்டர் ஏறுவதற்கு முன்பே வரிசையில் நிற்கிற தெரு, ஒருவனை ஒழுக்கம் கெட்டவன் என்று துரத்தப் பார்த்தது. அதற்கு நல்ல தமிழில் மனு எழுதிக் கொடுத்தவன் நான்.

சேகர் வீட்டைக் காலி செய்யவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அவரும் செல்வியும் மதுரைக்கு வைத்தியத்துக்குப் போகிறார்கள். கடையை அடைத்துவிட்டு அக்காவும் கூடவே போகிறார். போன வாரம் அதே பஸ்ஸில் அவர்களுக்குப் பின் சீட்டில் நான் இருந்தேன். செல்வியை அழவைத்ததற்காகச் சேகருக்கு அருப்புக்கோட்டையில் அக்கா ஆரம்பித்த திட்டு, காரியாபட்டி வரை நிற்கவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அப்புறம் அக்கா அப்படியே செல்வி தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஜன்னல் வெயில் அவர் முகத்தில் படாமல் ஆஸ்பத்திரி ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றார் சேகர்.

காரியாபட்டியில் ஏறிய கூட்டம் கண்டக்டரோடு சண்டை போட்டது. அக்கா முழித்துவிடுவார், மெதுவாகப் பேசுங்கள் என்று ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன் நான்.