புது வண்டிக்குப் போட்ட பேண்டேஜ்

புது வண்டி வாங்கியவனுக்கு ஒரு வாரம் புத்தி வேலை செய்யாது. எனக்கு முதல் நாளே செய்யவில்லை. இதை ஒப்புக்கொள்ள நாலு வருடம் ஆயிற்று.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பதினாறு வருடம் லோடு வண்டி ஓட்டினேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணிப் பண்டல்களை ஏற்றுவேன், இறக்குவேன். வண்டி முதலாளியுடையது. முதுகுவலி மட்டும் என்னுடையது.

சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்றேன். வீட்டில் உடனே இரண்டு கட்சி ஆயிற்று. பழைய வண்டி போதும் என்ற கட்சிக்குத் தலைவர் கணேசன் மச்சான். என் மனைவி பேச்சியம்மாளின் அண்ணன். ஒரு பழைய வண்டி வைத்திருக்கிறார்.

"புதுசு எதுக்கு மாப்ள? ஷோரூம் வாசலைத் தாண்டிட்டா அதுவும் பழசுதான். என் வண்டியைப் பாரு. எங்கிட்டு இடிச்சாலும் தெரியாது. ஏற்கெனவே இடிச்ச இடமாத்தான் இருக்கும்."

"உங்க வண்டி மேட்டுல ஏறாதே மச்சான்."

"நம்மூர்ல மேடு எங்க இருக்கு?"

(மேற்கே முழுக்க மலை. அய்யனார் கோவில் ரோட்டில் அவர் வண்டியை நானே மூன்று தடவை தள்ளியிருக்கிறேன்.)

புது வண்டிக் கட்சியில் நான் ஒருவன்தான். பேச்சி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கழுத்தில் கிடந்த செயினைக் கழற்றி என் கையில் வைத்தாள். அவள் அம்மா போட்ட செயின்.

"வாங்குங்க. ஆனா அம்புட்டு விலைக்கு அது தகுமா தகாதான்னு நான்தான் சொல்லுவேன். நீங்க சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து அவள் கழுத்தில் கவரிங். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கும். வண்டி வந்து இவளிடம் "தகும்" என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. என் கல்யாணம் இல்லை. என் அக்கா மகள் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் தாய்மாமன். சீர் கொண்டுபோக வேண்டியவன். முதல் லோடே தாய்மாமன் சீர் என்றால் எந்த டிரைவருக்குக் கிடைக்கும்? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

ஒரே ஒரு சங்கடம். அக்காவும் பேச்சியும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. ஒரு காதுகுத்து விசேஷத்தில் அக்கா பேச்சியைப் பந்திக்குக் கூப்பிடவில்லை. மறந்துவிட்டதாக அக்கா சொன்னாள். பேச்சி நம்பவில்லை.

"முறைக்கு வாரேன். சீர்த்தட்டைத் தூக்குதேன். அவியகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள்.

சீரில் பெரிய சாமான் ஒரு இரும்பு பீரோ. அதற்கு நாலு கால். நாலும் கூர். நான் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று முகம் தெரிகிற மாதிரி இருந்தது. பீரோவைப் பார்த்தேன். நேரே பழைய முதலாளியிடம் போனேன். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணி கேட்டேன்.

"எம்புட்டுய்யா வேணும்?"

"ஒரு இருபது சுருள் குடுங்கய்யா."

"யாருக்கு என்னாச்சு?"

"வண்டிக்குங்க."

"இன்னைக்குத்தான எடுத்த? அதுக்குள்ள அடிபட்டிருச்சா?"

"இல்லங்கய்யா. படக் கூடாதுன்னுதான்."

முதலாளி என்னைச் செத்த நேரம் பார்த்தார். அப்புறம் முப்பதாகக் கொடுத்தார்.

விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். பதினாறு வருடம் கட்டுத்துணியோடு வாழ்ந்தவன். எப்படிச் சுற்றினால் அவிழாது என்று தெரியும். பின்கதவைச் சுற்றினேன். பக்கப் பலகைகளைச் சுற்றினேன். கைப்பிடிகளைத் தனித்தனியாகச் சுற்றினேன். பீரோவைத் தலை முதல் கால் வரை சுற்றி, நிற்கவைத்தால் சாயும் என்று நீளவாக்கில் படுக்கவைத்தேன். வண்டியும் வெள்ளை, துணியும் வெள்ளை. தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

பேச்சி பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்து வண்டியின் முன்கதவுப் பக்கம் நின்றாள். முன்சீட்டில் சீர்த்தட்டுகளை அடுக்கி அதற்குப் பெல்ட் போட்டு வைத்திருந்தேன்.

"நான் எங்க உக்கார?"

"தட்டு சாஞ்சிரும் பேச்சி. பஸ்ல வந்திரேன். பஸ்ஸு நெறைய இருக்கு."

(உண்மைக் காரணம் அவள் தலையில் இருந்த எண்ணெய். சீட்டில் ஒட்டிவிடும். நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் என் கண் அவள் தலைக்கும் சீட்டுக்கும் இரண்டு தடவை போய் வந்தது.)

"தட்டுக்கு பெல்ட்டு நல்லாப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்பச் சரி." திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

போகிற வழியில் மாரியம்மன் கோவிலில் வண்டிக்குப் பூஜை. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கினேன். பூசாரி இரண்டு மாலை கொடுத்தார். ஒன்றை வண்டி முகப்பில் கட்டினேன். இன்னொன்று மிச்சம். சீர்ப் பொருளுக்கும் மரியாதை வேண்டும் என்று அதைப் பீரோவின் மேல் போட்டேன். மீந்த ஊதுபத்தியை வாழைப்பழத்தில் குத்திப் பீரோவின் தலைமாட்டில் கூட வந்த கணேசன் மச்சான் வைத்தார். பீரோ ஆடாமல் பிடித்துக்கொள்ள அவரும் பின்னால்தான் உட்கார்ந்தார். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மடியில் பூஜைப் பொரி.

வண்டி கிளம்பியது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். போன் மணி அடித்து அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று போனைச் சைலண்டில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினேன். புது இன்ஜின், நாற்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். நான் இருபதில் போனேன். வண்டியில் எத்தனை லைட் உண்டோ அத்தனையும் போட்டேன். காசு கொடுத்தது அதற்குத்தானே.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை இன்றுவரை மறக்க முடியாது.

மில் வாசலில் ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் அப்படியே ஓரமாக ஒதுங்கி நின்றது. ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கினார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒரு பலசரக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். முக்கில் நின்ற போலீஸ்காரர் இரண்டு பஸ்ஸையும் ஒரு லாரியையும் நிறுத்தி எனக்குக் கை காட்டினார். பதினாறு வருட சர்வீஸில் போலீஸ்காரர் என்னை நிறுத்தத்தான் கை காட்டியிருக்கிறார்.

புது வண்டி என்றால் புது வண்டிதான் என்று நினைத்துக்கொண்டேன். கணேசன் மச்சானின் வண்டிக்கு ஒரு நாயாவது ஒதுங்குமா?

நான் எல்லோருக்கும் சிரித்தேன். நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினேன். ஒருவரும் திருப்பிச் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்து மலைத்துப்போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஊதுபத்திப் புகை. மடியில் இருந்த பொரி காற்றில் பறந்து ரோடெல்லாம் விழுந்துகொண்டே வந்தது.

(இப்போது இதைப் படிக்கிற நீங்கள் எல்லாம் புரிந்துகொண்டீர்கள். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அதனால்தான் எட்டாவதோடு நின்றேன்.)

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டப வாசலில் சீரை வரவேற்க மேளக்காரர்கள் நின்றார்கள். நான் ஒரு ஹாரன் அடித்துத் திரும்பினேன். மேளம் நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஓடிவந்தார். வேட்டியை இறக்கிவிட்டார். கையைக் கூப்பினார்.

"அய்யா, மன்னிச்சுக்கோங்க. இது கல்யாண வீடு. நீங்க போக வேண்டியது அங்கிட்டு. வண்டியை அப்படியே திருப்பிக்கோங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மண்டபத்துக்குள்ளிருந்து அக்கா வந்தாள். அவிழ்ந்த தலையோடு, நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் பத்துப் பொம்பளைகள்.

"ஏ பேச்சீ, போயிட்டியா தாயீ..."

நான் வண்டியை விட்டு இறங்கினேன்.

வழியில் டீக்கடையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். "உன் தம்பி வண்டியில ஒரு உடல் போகுது. கணேசன் தலையில துண்டைப் போட்டு அழுதுட்டு இருக்கான்." கணேசன் அழுதால் போனது அவன் தங்கச்சியாகத்தானே இருக்கும்? அக்கா என்னைப் பன்னிரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். போன் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேச்சியை பஸ்ஸில் அனுப்பினேன். பஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது. இவர்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. தலை எண்ணெய் சீட்டில் படும் என்று நான் அவளை ஏற்றவில்லை. வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிடம் அந்த வண்டியை யாராவது சும்மா கேட்டிருந்தாலும் சாவியைக் கொடுத்திருப்பேன்.

பின்னால் இருந்த கணேசன் மச்சானும் அக்கா சொன்னதை நம்பிவிட்டார். "என் தங்கச்சிக்கு என்னாச்சு?" என்று அலறினார். புகையில் அழுதவர் இப்போது நிஜமாக அழுதார். அதைப் பார்த்து அக்காவுக்குச் சத்தம் கூடியது. பீரோவின் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள்.

"ஒண்ணுக்கும் ஒதவாத என் தம்பியைக் கட்டி
பன்னண்டு வருசமா மேச்சியே தாயீ...
உன் கைப்பக்குவம் எனக்கு வருமா,
உன் மீன்கொழம்புக்கு ஈடு உண்டா தாயீ...
பந்திக்குக் கூப்பிட நான் மறக்கலையே தாயீ,
வேணும்னுதானே விட்டேன் பாவி...
என் சேலையவிட உன் சேலை நல்லாருந்துச்சே,
அது பொறுக்கலையே எனக்கு..."

எதிரே முகூர்த்த நாள் கூட்டத்தோடு பஸ் ஒன்று தாமதமாக வந்து நின்றது. பட்டுச் சேலையும் மல்லிகையுமாகப் பேச்சி இறங்கினாள்.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. கால் வரவில்லை. வாயும் வரவில்லை. நான் குறைவாகப் பேசுகிறவன் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அது எவ்வளவு பெரிய குறை என்று அன்றுதான் தெரிந்தது. பேச்சி கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒப்பாரியில் தன் பெயர் வருவதைக் கேட்டாள். என்னைப் பார்த்தாள். சத்தம் போடாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். கேட்டுக்கொண்டு நின்றாள்.

அக்கா இன்னும் இரண்டு அடி பாடினாள். பிறகு துக்கம் தாங்காமல் கையை ஓங்கிப் பீரோவில் ஒரு அடி அடித்தாள்.

டங்.

அக்கா நிறுத்தினாள். இன்னொரு தடவை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள்.

"ஏலே, என்னலே சத்தம் வருது?"

"பீரோக்கா" என்றேன்.

"பேச்சி எங்கலே?"

"இங்க இருக்கேன் மதினி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தச் சேலை விசயத்தை இன்னொருவாட்டி சொல்லுங்க. சரியாக் கேக்கலை."

அக்கா பேச்சியைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். இது வேறு அழுகை. பிறகு என்னிடம் வந்து, அத்தனை சம்பந்தி வீட்டார் முன்னால், தாய்மாமன் என்றும் பாராமல், முதுகில் இரண்டு வைத்தாள். கணேசன் மச்சானும் இறங்கிவந்து ஒன்று வைத்தார். அவரே ஊதுபத்தி வைத்ததை யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. கல்யாண வாசலில் ஒப்பாரி விழுந்துவிட்டதே என்று முணுமுணுத்தார். நாதஸ்வரக்காரர்தான் வழி செய்தார்.

"செத்தவ நடந்து வந்து நிக்கா. இதவிட நல்ல சகுனம் எங்கய்யா கிடைக்கும்? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. வாசிக்கவா வேண்டாமா?"

வாசித்தார்கள். அதற்கு முன்னால் வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் அவ்வளவு துணியையும் அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தேன். துணி இல்லாமல் பீரோவை இறக்கும்போது ஒரு கால் தட்டி, பின்கதவில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்தது. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது பேச்சி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். ஊர் வருகிற இடத்தில் கேட்டேன்.

"தகுமா?"

யோசித்தாள்.

"மதினி வாயில இருந்து அம்புட்டு வார்த்தை வர வச்சிருக்கு. பழைய வண்டியில முடியுமா? தகும்."

வண்டி ஓடிச் சம்பாதித்து அவள் செயினும் ஒன்றரை வருடத்தில் கழுத்துக்கு வந்துவிட்டது. இப்போது மம்சாபுரத்துக் காய்கறியும் கம்பெனிப் பண்டலும் மாறி மாறி ஏற்றுகிறேன். புதியது வாங்கலாமா பழையது வாங்கலாமா என்று டிரைவர்கள் என்னிடம் கேட்பார்கள். மைலேஜ் சொல்வேன். மற்றதை வீட்டில் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.

அக்கா மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருவாள். சாப்பிட உட்கார்ந்ததும் பழைய புத்தி வந்துவிடும். மீன்குழம்பில் புளி தூக்கல் என்பாள். மீன் சின்னது என்பாள். பேச்சி கரண்டியை வைத்துவிட்டுப் பாயை எடுத்து விரிப்பாள். அதில் நீட்டிப் படுத்து, சேலையைக் கழுத்துவரை இழுத்து மூடிக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"இப்பச் சொல்லுங்க மதினி. கொழம்பு எப்படி?"