மதில் ஏறி வந்த சீரியல்

என் மனைவி அருள்ராணியை இன்னொருத்தன் சிரிக்க வைக்கிறான். வாரத்துக்கு ஆறு நாள். ஏழு மணிக்கு வந்து ஏழரைக்குப் போய்விடுவான். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். பேர் ஆகாஷ். சீரியல் ஹீரோ. மற்றவர்களுக்கு அது நெடுந்தொடர். எனக்கு நெடுந்தொல்லை.

"பாருங்க, பொண்டாட்டிக்குக் காபி போட்டுக் குடுக்கிறாரு."

"அவனுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க, போடுறான்."

"சம்பளம் குடுத்தா நீங்க போடுவீங்களா?"

அன்றைக்கே முடிவெடுத்தேன். திண்டிவனத்தில் பதினெட்டு வருஷம் இவளோடு குடித்தனம் பண்ணியவன், பெட்டிக்குள் இருப்பவனிடம் தோற்பதா? கேபிளைப் பிடுங்கினேன்.

"இனிமே நம்ம வீட்ல அரசாங்க டி.வி. மட்டும்தான். அறிவு வளரும்," என்றேன்.

வளர்ந்தது. அவளுக்கு. விவசாய நிகழ்ச்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிரைப் பற்றிப் பேச ஓர் அதிகாரி வந்தார். இவள் போன் போட்டு, மாடியில் இருக்கும் கத்தரிச் செடிக்குச் சந்தேகம் கேட்டாள்.

"அருமையான கேள்விம்மா," என்றார் அவர்.

"கேட்டீங்களா? பதினெட்டு வருஷத்துல ஒரு நாளாவது நீங்க அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

அந்த அதிகாரிக்கு மீசை வேறு எடுப்பாக இருந்தது. மறுநாளே டி.வி.யைக் கழற்றிக் கிளியனூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அரசும் வேண்டாம், தனியாரும் வேண்டாம்.

அருள்ராணி சண்டையே போடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் ஏழு மணி. பின்பக்க மதிலோரம் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஸ்டீபன்ராஜ் அண்ணன். மாதா கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் ஏரோது ராஜா வேஷம் கட்டுபவர். கையில் டம்ளரை நீட்டி, குரல் நடுங்க, "இதில் சர்க்கரை இல்லை கண்ணே, உன் சிரிப்பைக் கலந்துகொள்!" என்கிறார்.

"என்ன நடக்குது இங்க?"

"பேஜாரு பண்ணாதீங்க. நம்ம வீட்லதான் டி.வி. இல்லையே. அண்ணன் சீரியல் கதை சொல்லிக்கினு இருக்காரு."

"கதை சொல்ல டம்ளர் எதுக்கு?"

"நடிச்சுக் காட்டினாத்தானே புரியும்!"

நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள், கதையில் ஹீரோவுக்குக் கல்யாண நாளாம். ஏரோது ராஜா கையில் இரண்டு முழம் மல்லிகைப் பூ!

விடிந்ததும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். கடையில் இருந்ததிலேயே பெரிய டி.வி.யாக வாங்கினேன். கேபிள்காரனையும் நானே கூப்பிட்டேன். பெட்டிக்குள் இருப்பவன் எவ்வளவோ மேல். அவனால் மதிலோரம் வந்து நிற்க முடியாது.

ஜெயித்துவிட்ட தெம்பில், மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஸ்டீபன்ராஜின் மனைவியிடம் சொன்னேன்.

"ரோஸ்லின் அக்கா, இனிமே அண்ணன் சீரியல் பார்த்துக் கதை சொல்ல வேணாங்க."

"அவரு எங்க தம்பி சீரியல் பார்த்தாரு? உங்க ராணிதான் தெனம் மத்தியானம் செல்லுல பார்த்து, வசனம் எழுதிக் குடுத்து, ஒத்திகையும் பார்த்துக்கினு இருந்துச்சு. அஞ்சு நாள் நடிச்சா போதும், பெரிய டி.வி. வந்துடும்னு முதல் நாளே சொல்லிடுச்சே!"