வால் ஆடிய ஞாயிறு

ஊருக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்பவன் நான். வீட்டில் எனக்குப் பவர் கிடையாது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. திங்கள் முதல் சனி வரை கண்ணாடி துடைக்கிறேன். ஞாயிறு லீவு. லீவில் என்ன செய்கிறேன்? வீட்டில் கண்ணாடி துடைக்கிறேன். ஜன்னல் கண்ணாடி. மொத்தம் பதினாலு ஜன்னல். காற்றோட்டமான வீடுதான் வேண்டும் என்று அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றவன் நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான்.

என் மனைவி நகராட்சியில் சாலைப் பிரிவில் வரைபடம் வரைபவள். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு சைக்கிளுக்கென்று பச்சை அடித்த தனிப் பாதை உண்டு. அதில் பாதி அவள் போட்ட கோடு. அவள் கிழித்த கோட்டை லாரிக்காரனே தாண்டுவதில்லை. நான் எம்மாத்திரம்?

ஆனால் தாண்டினேன் ஐயா, தாண்டினேன்! மூன்று ஞாயிறு முழுசாகத் தாண்டினேன். அந்த வீர வரலாற்றைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, ஒன்பதாவது ஜன்னல். ஏணி மேல் நின்று பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே பச்சைப் பாதையில் இருபது சைக்கிள் வரிசையாகப் போயின. முன்னால் ஒருவர் விசில் ஊதி, எதிர் வீட்டு மாடத்தைக் கையால் காட்டி ஏதோ விளக்கினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த மாடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் செய்தித்தாளை அசைத்தேன். அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன். இனி ஞாயிறு என்னுடையது.

இறங்கி நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"ஏம்மா..."

"பத்தாவது முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். அடுத்த வாரத்துலேருந்து ஞாயித்துக்கிழமை கண் பரிசோதனை முகாம் நடக்குது. நான் போயே ஆகணும்."

"எங்க?"

"வாரம் ஒரு இடம்."

"யாருக்கு?"

"பார்வை மங்கினவங்களுக்கு. சேவைம்மா, சேவை!"

"அப்ப ஜன்னல்?"

"ஜன்னலுக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. மனுஷனுக்குத்தான் இல்ல."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"எதுல போவீங்க?"

"சைக்கிள்ல."

"நல்லது. தொப்பையும் குறையும். போயிட்டு வாங்க."

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் நான் சொன்ன பொய் முதல் தடவையிலேயே பாஸானது அன்றைக்குத்தான். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தேன்.

சைக்கிள் குழுவை நடத்துபவர் ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். பேச்சில் பாதி விசில் என்பதால் விசில் மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர்தான் முன்னால் போகும் 'தலை'. என் வேகத்தைப் பார்த்ததும் முதல் நாளே எனக்கும் ஒரு பதவி கொடுத்துவிட்டார்.

"சார், நீங்கதான் நமக்கு வால்!"

வால் என்றால் சும்மா இல்லை. கடைசி ஆள். யாருக்கு டயர் பஞ்சரானாலும் அவரோடு நிற்க வேண்டும். யாரும் வாலுக்குப் பின்னால் போகக் கூடாது. வால் யாரையும் முந்தக் கூடாது. இந்தக் கடைசி விதியை என்னைப்போல் காப்பாற்றியவர் குழுவின் சரித்திரத்திலேயே கிடையாதாம். ஆரஞ்சு நிற மேல்சட்டை வேறு போட்டுவிட்டார். மாஸ்டர் குழுவின் பெயர்ப் பட்டியலை நகராட்சிக்கு அனுமதிக்கு அனுப்பியபோது, என் பெயருக்கு எதிரில் 'வால்' என்றே எழுதினார். அரசாங்கப் பதிவேட்டில் என் பதவி! எனக்குப் புல்லரித்தது.

அந்த மூன்று ஞாயிற்றின் சுகத்தை என்னவென்று சொல்வேன்! பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். பஸ் ஜன்னல் வழியாக முதுகை மட்டுமே காட்டிய ஊர், சைக்கிளில் போனதும் முகத்தைக் காட்டியது. அச்சகத்துச் சந்தில் மை வாசனை. வாய்க்கால் பாலத்துக்கு அடியில் கூப்பிட்டால் நம் குரலே திரும்பி வருகிறது. என் பெயரை நானே அழுத்தம் திருத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் அந்தத் தொனியில் என் பெயரைச் சொல்பவர் ஒருவர்தான். இங்கே நானே சொன்னேன்!

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தலை சொல்வது பின்னால் கேட்காது. அதனால் முன்னால் போகிறவர் பின்னால் வருபவரிடம், அவர் அடுத்தவரிடம், இப்படி வாய் மாறி மாறிச் சேதி வாலுக்கு வர வேண்டும். எனக்கு முன்னால் போனவர் ஒரு பல் டாக்டரம்மா. பத்தொன்பது வாய் தாண்டி அவர் வாய் வழியாக வருவதற்குள் சேதிக்குப் பல்லெல்லாம் விழுந்திருக்கும். தலை "பள்ளம்" என்றால் எனக்கு "வெள்ளம்" என்று வரும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்குவேன். தலை "பஸ் வருது" என்றால் எனக்குப் பசு வரும். "மணி அடிங்க" என்பது "மணி என்னங்க" என்று வந்தது. "ஏழரை!" என்று கத்தினேன். அடுத்த நிமிஷமே முட்டுச் சுவரில் முட்டினேன்.

நான்காவது ஞாயிறு. என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், முந்தின நாளே மனைவி சொல்லிவிட்டாள்.

"ஏங்க, நாளைக்கு எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு. சீக்கிரமே கிளம்பிடுவேன்."

"தாராளமா போயிட்டு வா. ஒண்ணும் அவசரமில்ல."

நிம்மதியாக அரை மணி தாமதமாகக் கிளம்பினேன். நான் போய்ச் சேரும்போது வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. விசில் மாஸ்டர் ஓரமாக நின்று கையசைத்தார்.

"இன்னைக்கு நான் தலை இல்ல சார். வேற ஒருத்தங்க வந்திருக்காங்க. இந்தப் பாதையில அவங்களுக்குத் தெரியாத ஒரு கல்லு கிடையாது!"

தூரத்தில் ஒரு தலைக்கவசம் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. சைக்கிளில் வேர்த்து வழியும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவது என் வழக்கம். டாக்டரம்மாவின் முதுகு தெரிந்தால் எனக்குப் போதும்.

அடடா, அன்றைக்குப் போல் ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை! இந்த முனையில் பாதை ஏன் அகலம், பள்ளிக்கூட வாசலில் ஏன் சிவப்பு. எல்லாம் சுருக்கமாக, தெளிவாக. புளிய மரத்தருகே பாதை வளைந்தது. "மாமனை வெட்டச் சொன்னாங்களாம், வளைச்சு விட்டுட்டாங்களாம்" என்று எனக்குச் சேதி வந்தது. மரத்தைத்தான் மாமனாக்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

"என்ன அறிவு, என்ன பொறுமை!" என்றேன் டாக்டரம்மாவிடம். "நம்ம வீட்லயும் இருக்காங்களே."

"ஏன், வீட்ல எப்படி?"

"வெகுளிம்மா. எதிர்ல இருக்கிறதுகூடத் தெரியாது."

முன்னாலிருந்து சேதி வந்தது. டாக்டரம்மா திரும்பினார்.

"வால் யாருன்னு தலை கேக்குறாங்க."

"கண் பரிசோதகர்னு சொல்லுங்க."

போயிற்று. திரும்பி வந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்ல எப்படி விட்டாங்கன்னு கேக்குறாங்க."

தலை இருக்க வால் ஆடலாமா என்பார்கள். அன்றைக்கு வால் ஆடியது.

"விடுறதா? நான் வச்சதுதான் வீட்ல சட்டம். முகாம்னு ஒரு வார்த்தை சொன்னேன். நம்பிட்டாங்க, பாவம். அப்படியே சொல்லுங்க!"

டாக்டரம்மா அப்படியே சொன்னார். சேதி வாய் வாயாக முன்னேறியது. ஒவ்வொரு சைக்கிளாகச் சிரிப்பு கிளம்பி, தலை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இருபது பேர் என் வீரத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்! ஒரு கையை விட்டே சைக்கிள் ஓட்டினேன்.

வாய்க்கால் பாலத்தில் வரிசை நின்றது. முதல் சேதி வந்தது.

"இனிமே வாராவாரம் இவங்கதான் தலையாம்!"

"பேஷ்!" என்றேன். "இப்படி ஒருத்தங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். எல்லாரும் ஜோரா கைதட்டுங்க!"

நான் ஆரம்பித்த கைதட்டலில் பாலமே அதிர்ந்தது. அது அடங்கியதும் இரண்டாவது சேதி கிளம்பியது. யாரும் அவசரப்படவில்லை. ஒவ்வொருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் அடுத்தவருக்குச் சொன்னார்கள். நாலு வாரத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் என்னிடம் வந்து சேர்ந்த சேதி அது ஒன்றுதான்.

டாக்டரம்மா திரும்பினார்.

"முகாமை உங்க வீட்டுக்கே மாத்தியாச்சாம். பதினாலு கண்ணாடி காத்துக்கிட்டிருக்காம்."