மெட்டியில் நாற்பது பேர்

என் கலியாணத்துக்கு நாற்பது பிணங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். (ஒருவருக்கும் அழைப்பிதழ் கொடுக்கவில்லை.)

அப்போது சாவகச்சேரியில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தேன். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று உயிரோடு இருந்தவர்கள் பயந்தார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் செத்தவீடுகள்தான். பிணத்தைச் சுற்றிச் சொந்தக்காரர் நிற்க ஒரு படம். மலாயாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பப் பத்துப் பிரதி.

படம் கழுவிய தண்ணீரைக் கடைக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஊற்றுவேன். ஒரு வருடத்தில் அங்கிருந்த வாழைகள் கருகின. அடுத்தது கிணறுதான் என்று பயம் பிடிக்க, இரசாயனப் புத்தகத்தைப் புரட்டினேன். படத்தில் வெள்ளையாக விழும் இடத்து வெள்ளியெல்லாம் கரைந்து அந்தத் தண்ணீரில்தான் இருக்குமாம். துத்தநாகத் தகட்டைப் போட்டால் சேறாகப் படியுமாம். என் படங்களில் வெள்ளை எது? பிணத்தின் வேட்டியும் நெற்றித் திருநீறும்தான். அதை நான் யோசிக்கவில்லை.

அதன்பின் நாற்பது செத்தவீட்டுப் படங்கள் கழுவிய தண்ணீரைப் பீப்பாயில் சேர்த்துத் தகடுகளைப் போட்டேன். கறுப்புச் சேறு படிந்தது. ஒரு நாள் பட்டப்பகலில் குனிந்து பார்த்தபோது, தண்ணீரில் தெரிந்த என் முகம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. (மூடிய கண்ணைத் தானே பார்க்க முடியாது என்பது சோறு தின்னும்போதுதான் எனக்கு உறைத்தது. பாதியில் எழும்பிவிட்டேன்.)

நகை செய்யும் பத்தர் அந்தச் சேற்றை உருக்கி, ஒரே கட்டியாக்கி, அதில் ஒரு சோடி மெட்டி அடித்துத் தந்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

தாலி கட்டி முடிந்து, அம்மியில் வைத்த காலில் மெட்டியைப் போட்டேன். பெண்ணின் தாய்மாமன் குனிந்து பார்த்தார்.

"நல்ல வெள்ளியாக் கிடக்கு. எங்கை வாங்கினனீர், தம்பி?"

கடையின் பேர் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"வாங்கேல்லை மாமா. படம் கழுவின தண்ணியிலையிருந்து நானே எடுத்தனான்."

"என்ன படம்?"

"செத்தவீட்டுப் படந்தான்."

மேளம் நின்றது. முன்னால் இருந்த பெண்கள் பாயோடு பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"முந்தின வருசம் அக்காவின்ரை படத்தையும் நீர்தானே எடுத்தனீர்?" என்றார் மாமா. அக்கா என்றால் பெண்ணின் அம்மா.

"ஓம்."

"கழற்றும் அதை. இல்லையெண்டால் பிள்ளையை அனுப்ப மாட்டம்."

கழற்றக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அம்மாவும் இதுக்கை இருக்கிறாவோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"அப்ப இருக்கட்டும் மாமா. அம்மா கலியாணம் பாக்காமல் போயிட்டா எண்டுதானே காலமை முழுக்க அழுதனான்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து இடதுகால் மெட்டி மட்டும் கறுக்கிறது. வெள்ளியைக் கந்தகம் கறுக்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு காலை மட்டும் பிடிக்கும் கந்தகத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொள்வாள்.

நான் பொய் சொன்னால் அவள் சண்டை பிடிப்பதில்லை. இடதுகாலால் நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"நாப்பது பேரிட்டையும் கேட்டுப் பாக்கட்டோ?"

பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் ஏதோ கேட்டதுபோல் தலையாட்டுவதற்குள் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன்.