சைட் பார்க்கப் போன செவலை மாடு

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே மாட்டிடம் யோசனை கேட்டு இடம் வாங்கக் கிளம்பிய ஒரே பொம்பளை எங்கள் சைட்டக்காதான். இதை நான் அடித்துச் சொல்வேன். பொதுவாக நான் எதையும் அடித்துச் சொல்கிறவள் இல்லை.

சூலூரில் எங்களுக்கு எதிர்வீடு. ஒற்றைச் செவலை மாட்டை வைத்துக்கொண்டு பாதி வீதிக்குப் பால் ஊற்றினாள்; எனக்கு மட்டும் பாலோடு ரெண்டு வசவும். அதுவரை பால்காரக்காதான். ஒருநாள் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, "இதை இடிச்சுப்போட்டு அப்பார்ட்மெண்ட் கட்டறமுங்க்கா. தை பொறந்ததும் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வாடகை வீடு தேடினால் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மாடும் வருமுங்களா?" அக்காவுக்கு ஊரில் இடம் இருந்தது. மாட்டுக்கு இல்லை.

"இனி அடுத்தவன் ஊட்டுல இருக்கறதில்லீங்க அம்மணி. பொறந்த ஊட்டுப் பங்கு பேங்குல தூங்குது. எடமா வாங்கிப்போடறேன்" என்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைட் பார்க்கக் கிளம்பினாள். சைட்டக்கா ஆனாள்.

முதல் ஞாயிறு வாசலில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி நின்றது. பின்னால் செவலை ஏறி நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க்கா, மாட்டை விக்கப் போறீங்களா?"

"வாயைக் கழுவுங்க! அது சைட் பாக்க வருது. மாடு எங்க படுத்து அசை போடுதோ அதுதான் ஆகி வர்ற மண்ணு. எங்கப்பன் களம் போட்டதே அப்படித்தான். நீங்களும் ஏறுங்க."

நான் ஏறினேன். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

பல்லடம் ரோட்டோரம் அந்த லேஅவுட். சாமியானா, கலர் கலராகக் கொடி, வருகிறவர்களுக்கெல்லாம் மோர். காரில் வந்தவர்கள் தக்காளி பொறுக்குவது மாதிரி சைட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தயங்கினவனுக்கு இல்லை. டை கட்டின பையன் ஓடி வந்தான்.

"பாட்டிம்மா, மாட்டையெல்லாம் எதுக்குங்க கொண்டாந்தீங்க?"

"நீ எதுக்குக் கழுத்துல கவுறு கட்டிட்டு வந்தேன்னு நான் கேட்டனா கண்ணு?"

செவலை அங்கேயும் இங்கேயும் மோந்து பார்த்துவிட்டுக் கிழக்குப் பார்த்த ஒரு சைட்டில் சொகுசாகப் படுத்தது. எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. ஆனால் அக்கா உடனே அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மாரியம்மன் கோயிலில் பூக் கேட்க வேண்டுமாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் வாங்கலாம். போனோம், வெள்ளையும் வந்தது. திரும்பி வந்தால் சைட் போய்விட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு புரோக்கர் முன்பணம் கட்டி டோக்கன் போட்டுவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வேறு லேஅவுட். மாடு படுத்தது, கோயிலுக்குப் போனோம், வந்தோம், போச்சு. அதே வெள்ளைச் சட்டை, அதே மோர்.

மூன்றாவது வாரம் என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் குட்டியானைக்குப் பின்னால் புரோக்கரின் பைக். அதற்குப் பின்னால் நாலைந்து கார். எல்லோரும் செவலையைப் பார்த்துத்தான் இடம் வாங்குகிறார்கள்! அதைவிட அதிர்ச்சி, லேஅவுட்காரர்கள் விற்காத சைட்டில் எல்லாம் சோளத்தட்டைப் பரப்பி வைத்திருந்தார்கள். டை கட்டின ஒருவன் குனிந்து, "வா சாமி, இங்க வந்து படு" என்று மாட்டைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

மார்கழி நடந்துகொண்டிருந்தது. அக்கா குடியிருக்கும்போதே எதிர்வீட்டுக் கூரையில் பாதி ஓடுகளைப் பிரித்துவிட்டார்கள். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கெழம நானும் செவலையும் ஒரு பக்கம் போறம். அத்தன பேரும் எங்க பின்னால வருவானுக. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து லேஅவுட்டுல மூலைச் சைட்டு ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். வக்கீலு பத்திரத்தப் பாத்துப்போட்டாரு. பூவும் முன்னாடியே கேட்டுப்போட்டேன். பணம் தர்றேன், நீங்க போயி டோக்கன் போட்டுப்போட்டு வாங்க."

"நானுங்களா?"

"பின்ன, செவலையா பேசும்?"

"மாடு படுத்துப் பாக்கவேயில்லீங்களே?"

"அதுகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பஸ்ஸில் ஊர்ப் பேர் சொல்லி டிக்கெட் வாங்கவே எனக்குக் கூச்சம். அந்த ஆபீசில் ஏ.சி. வேறு. எனக்கு முன்னால் ஒரு புருசன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் லேஅவுட் படத்தில் விரலை வைத்து, "இந்தக் கார்னரே போட்டுருங்க" என்றாள். அக்கா சொன்ன அதே மூலை!

"அது எங்களுதுங்க!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் கத்தியது நான் என்று தெரிந்தது.

"நாங்கதானுங்களே முதல்ல வந்தோம்?" என்றார் புருசன்.

"நாங்க பூக் கேட்டுப்போட்டமுங்க. தை பொறந்தா ஒரு மாடும் ஒரு மனுசியும் நடுவீதியிலங்க." அக்கா கொடுத்த பணத்தைப் பையிலிருந்து மேசைமேல் கொட்டினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். புருசனின் கையைத் தொட்டு, "நாம பக்கத்துச் சைட்டு எடுத்துக்கலாங்க" என்றாள்.

ஆபீஸ் பையன் பேனாவை எடுத்தான். "பேருங்கம்மா?"

"சைட்டக்கா."

"அவங்க பேருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருசம் அவள் கையால் பால் வாங்கிக் குடித்திருக்கிறேன். பேர் தெரியாது. கடைசியில் டோக்கனுக்கு என் பேரையே போடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம் பேரக் கேக்கறதுக்குக்கூட வாயில கொழுக்கட்டையா அம்மணி உங்களுக்கு? பத்திரத்துல மாத்திக்கலாம், உடுங்க." அன்றைக்குச் செவலை வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் படுத்ததாம். புரோக்கர் பாய்ந்து டோக்கன் போட்டாராம். அடுத்த மழையில் அங்கே தவளைதான் குடியிருந்தது.

தை பிறந்த முதல் வாரத்திலேயே குட்டியானையில் மாடும் பாத்திரமும் ஏறிப் போயின. இப்போது தகரக் கூரை போட்டு, பக்கத்திலேயே கொட்டகையும் போட்டிருக்கிறாள். மாடு அங்கே படுத்ததா என்று கேட்டால், "படுக்காம எங்க போகும்? அதுக்கும் வேற ஊடா இருக்குது?" என்கிறாள். பக்கத்துச் சைட்டில் அந்தப் புருசன் பெண்டாட்டி வீடு கட்டுகிறார்கள். அவர்களுக்கும் அவள்தான் பால்.

எங்கள் வீதிக்குப் பாக்கெட் பால் வருகிறது. நல்ல பால்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது என்னை ஒரு நாளும் வைவதில்லை.