சாதாரண மனுஷனுக்கு ஏற்ற செட்டிங்

"மறுபடியும் செத்துப்போச்சு! உடனே வா!"

போனில் அண்ணன் போட்ட கூச்சல் ஆபீஸில் பக்கத்து மேசை வரை கேட்டது. செத்தது கம்ப்யூட்டர் என்று தங்கைக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாதே! எழுந்து நின்று, "யாரும்மா? வயசானவங்களா?" என்று துக்கம் விசாரித்தார்.

அவள் வேலை செய்த கம்பெனி சொந்தமாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரித்தது. அதன் கெர்னல் அவள் பொறுப்பு. எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் உள்வீட்டு நாட்டாமைதான் கெர்னல்.

"வாங்கினவன் எவனும் உள்ளே போய் எதையும் மாத்தமாட்டான்," என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "சாதாரண மனுஷனுக்கு எது சரிப்படுமோ, அதையே செட்டிங்கா வச்சு அனுப்பிடுங்கம்மா."

சாதாரண மனுஷனுக்கு அவள் எங்கே போவாள்? அண்ணனின் போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்பவர் அகப்பட்டார். தொப்பை, சாந்தமான முகம், அதிர்ந்து பேசாத சுபாவம். அவருடைய மெஷினில் புது சிஸ்டத்தைப் போட்டுவிட்டு, நடப்பதைக் கவனித்தாள்.

நடந்தது இதுதான். ஆல்பம்காரர் கல்யாணப் படங்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்தார். மெமரி தீர்ந்தது. அதிகம் தின்பவனை வெளியே தள்ளுவது கெர்னலின் வழக்கம். ஆல்பம் புரோகிராமைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டது. அண்ணன் போனில் கூச்சல் போட்டது இதற்குத்தான்.

"இவ்வளவு ரோஷம் ஆகாது," என்று அவள் செட்டிங்கை மாற்றினாள். மெமரி போதாவிட்டால் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மெஷின் சாகவில்லை, இழுத்துக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளையின் மூக்கு திரையில் வந்தது. மீதி முகம் வரவில்லை.

"இதுக்குச் செத்தே போயிருக்கலாம்!" என்றான் அண்ணன்.

சரி, இருப்பதற்கு மேல் யார் கேட்டாலும் கிடையாது என்று கறாராக வைத்தாள். ஆல்பம்காரர் முதலில் புகுந்து எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுவிட்டார். பில் போடும் புரோகிராம் வாசலிலேயே நின்றது. பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை.

"ஸ்தம்பிச்சா தானாவே ரீஸ்டார்ட் ஆகிற மாதிரி வச்சிடறேன். இதோட தொல்லை விட்டது."

தொல்லை விடவில்லை. படம் திறந்தது, மெஷின் அணைந்தது, எழுந்தது; ஆல்பம்காரர் மறுபடி திறந்தார், மறுபடி அணைந்தது. சேமிக்காத பக்கங்கள் காற்றோடு போயின. கல்யாணப் பெண் கவுண்டரில் நின்று, "என் ஆல்பம் வர்றதுக்குள்ள எனக்குக் குழந்தையே பொறந்துடும் போல," என்றாள்.

"இன்னொரு தடவை கை வச்சே, அண்ணன் தங்கைன்னு பார்க்கமாட்டேன்!" என்றான் அண்ணன்.

அவள் யோசித்து யோசித்துக் கடைசி முடிவுக்கு வந்தாள். சாதாரண மனுஷன் எதையும் அளவுக்கு மீறித்தான் திறப்பான். ரீஸ்டார்ட் எல்லாம் வேண்டாம், அவன் கையைக் கட்டிப்போட வேண்டும். எந்தப் புரோகிராமும் சின்னப் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

"பிரமாதம்! மக்களோட நாடியைப் பிடிச்சுட்டீங்க!" என்று மேனேஜர் கை குலுக்கினார். அந்த வாரமே அதே செட்டிங்கோடு சிஸ்டம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ஆபீஸ் போன்கள் ஓயவில்லை. ஒருவருக்கு வரைபடம் திறக்கவில்லையாம். இன்னொருவருக்கு வீடியோ பாதியில் நின்றதாம். "எங்க கையை ஏன் கட்டறீங்க?" என்று எல்லாரும் ஒரே பாட்டு. மேனேஜர் இப்போது கை குலுக்கவில்லை.

குழம்பிப்போன அவள் நேரே ஸ்டுடியோவுக்குப் போனாள். ஆல்பம் மெஷின் அங்கே வழக்கம்போல ஸ்தம்பித்துக் கிடந்தது. அந்த மனிதர் ஆல்பம் புரோகிராமையே பத்துப் பன்னிரண்டு தடவை தனித்தனியாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு வாங்கி வைத்திருந்தார்!

அவள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காம சொல்லுங்க சார். ஒரு பக்கத்துக்கு நாலு படம் போதும். அப்புறம் எதுக்கு இத்தனையையும் ஒண்ணாத் திறக்கிறீங்க?"

அண்ணன் அந்தப் பக்கம் இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆல்பம்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மெஷின் நின்னு போகட்டும்னுதாம்மா. அது ஓடிக்கிட்டிருந்தா உங்க அண்ணன் எங்களைச் சாப்பிடவே விடமாட்டாரே!"