மடக்கி உழுத தாள்

இல்லை மாமா, அது கஞ்சா இல்லை.

ஸலாம் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். கோவில்பட்டியில் அத்தா, அம்மா, கடை, எல்லாம் நலம். மேலப்பாளையத்தில் நீங்களும் மாமியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. அதனால் கடிதம். இதன் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உங்கள் இடைசெவல் கரிசல் காட்டில் நான் போட்டது சணப்பு. தழை உரத்துக்கு எல்லாரும் விதைக்கிற சணப்பு. கஞ்சாவின் இனத்திலேயே போதையில்லாத ஒரு செடியிலிருந்து நல்ல காகிதம் செய்கிறார்கள் என்று நான் சொன்னதும் உண்மைதான். நாலு மாதத்தில் ஆளுயரம் தாண்டும். மரம் தாளாவதற்கு வருடக்கணக்கு. ஆனால் அதை இங்கே நினைத்தவுடன் பயிரிட முடியாது. எனக்கு ஜெயில் பிடிக்காது. ஆகவே சணப்பு. அதன் நாரும் நீளம்.

அத்தா கடை நோட்டுக் கட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். தாள்தான் எங்கள் சோறு. அதற்காக எதை வெட்டுகிறார்கள் என்று பல்கலைக்கழகம் போன பிறகுதான் யோசித்தேன். அப்புறம் யோசிப்பதை நிறுத்த முடியவில்லை.

நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு பருவம். தை முடிவதற்குள் அச்சடிக்கிற மாதிரி ஒரு தாள் காட்டினால் அடுத்த வருடமும் நிலம் எனக்கு. இல்லையென்றால் சோலார் கம்பெனிக்காரருக்கு. இன்று தை இருபது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கார்த்திகையில் சணப்பு என்னைவிட உயரம். மஞ்சள் பூ. உள்ளே நின்றால் நான் வெளியே தெரியமாட்டேன். உங்கள் காதுக்கு வந்த வதந்தி அங்கேதான் பிறந்திருக்கும். ஒரு போலீஸ்காரர் வந்தார். இலையைக் கசக்கி மோந்தார். "ஒண்ணுமே அடிக்கலியேம்மா" என்றார். பாவம், அவருக்கு ஏமாற்றம். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். மகளின் ஒன்பதாம் வகுப்பு புராஜெக்டுக்கு ஒரு தாள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாருக்கு, காய் பிடிக்கும்வரை செடி நிற்க வேண்டும். நார் வேகவைக்க அண்டா தேடி இரண்டு நாள் டவுனில் இருந்தேன். அதுதான் என் தவறு.

டிராக்டர் வைத்திருக்கிற அய்யாத்துரை அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர். ரொம்ப நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான்.

மூன்றாம் நாள் நான் போய் இறங்கினால் காடு கறுப்பாகக் கிடந்தது. பச்சை வாடை. அண்ணாச்சி டிராக்டர் மேல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி. பூத்துட்டுல்லா. பூத்தா மடக்கி உழணும்லா. ஒன்னைய ரெண்டு நாளாக் காணல. தண்டு முத்திரும்னு நானே மடக்கிட்டேன். காசெல்லாம் வேண்டாம்."

"அண்ணாச்சி, அது தாளுக்கு."

"எந்தத் தாளுக்கு?"

"எழுதுற பேப்பருக்கு."

அவர் தலைத் துண்டை அவிழ்த்தார். "சணப்புல பேப்பரா? அப்ப எங்கப்பன் காலத்துலேர்ந்து நோட்டு நோட்டாவா மண்ணுக்குள்ள உழுதுட்டுக் கெடக்கோம்?"

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். இதை மாமியிடம் மட்டும் சொல்லுங்கள். அண்ணாச்சி டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார். "அழாத தாயி. மூலையப் பாரு" என்றார்.

டிராக்டர் மூலையில் திரும்பாது. நான்கு மூலையிலும் ஒரு கொத்து நின்றது. காற்றில் ஆடிக்கொண்டு. ஆடு நுழையாமல் அண்ணாச்சியே முள் வெட்டி வைத்தார். காய் பிடிக்கும்வரை தினமும் போய்ப் பார்த்தார். அவரே அறுத்தும் தந்தார்.

அதற்கப்புறம், மாமா, தண்டை ஊறப்போட வேண்டும் என்று மொட்டைமாடியில் டிரம் வைத்தேன், ஐந்தாம் நாள் நாற்றம் எடுத்தது, அம்மா "ஏட்டி நுஸைபா, மாடியில என்னத்தக் கொன்னு வச்சிருக்க?" என்று முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எலி தேடினார், பக்கத்து வீட்டு பொன்மணி அக்கா எங்கள் தண்ணீர்த் தொட்டியில் காக்கா செத்துக் கிடப்பதாகத் தெருவுக்கே சொல்லிவிட்டார், நாரை உரித்து அலசியபின் வேகவைக்க, பிரியாணி மாஸ்டர் யாசின் காக்காவிடம் அண்டா கெஞ்சி வாங்கினேன், எதற்கு என்று சொல்லவில்லை, சலவைச் சோடா போட்டுப் பகல் முழுக்க வேகவைத்தேன், திருப்பிக் கொடுக்கும்போது அண்டா பளபளவென்றிருந்தது, யாசின் காக்கா அதில் முகம் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்னத்தப் பண்ணுனியோ, மாசாமாசம் வந்து பண்ணிட்டுப் போ" என்றார்.

வெந்த நாரை இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளிக் காயவைத்தேன். முதல் தாள் அப்பளம். இரண்டாவது, பெரிய அப்பளம். ஐந்தாவதுதான் தாள்.

அழைப்பிதழ் அச்சடிக்கிற முத்துசெல்வம் அண்ணனிடம் கொண்டுபோனேன். அச்சடித்தார். மை பரவி, மணமகன் பெயர் மணமகள் பெயர்மேல் ஏறிவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி இது ஆகாதும்மா" என்றார். திரும்பி வந்து சோற்றுக் கஞ்சியை வடித்து மற்ற தாள்களுக்குத் தடவிக் காயவைத்தேன். மறுபடி போனேன். இந்த முறை மை நின்றது. எழுத்து எழுத்தாக. அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார்.

"லேசாப் பட்டை கிராம்பு வாடை அடிக்குலா."

"அது அண்டா, அண்ணே."

"இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகைக்கு நல்லதுதான். எத்தனை தாள் இருக்கு?"

"பதினொண்ணு."

"நூறு வேணும். ஆனி மாசத்துக்கு. ஏலுமா?"

ஏலும் என்றேன். மாமா, நான் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அச்சடித்த தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். நார் தெரியும். உங்கள் மண்ணில் விளைந்தது. ஆகவே, மாமா, பணிவாகக் கேட்கிறேன்: நிலத்தை இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். மாசியில் ஒரு மழை கிடைத்தால் விதைத்துவிடுவேன். அண்ணாச்சியின் டிராக்டர் சாவியை நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

மாமியின் முட்டிவலி குறையட்டும். உங்கள் சர்க்கரையும். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும், முடிவெடுக்க மட்டும் குறைந்த நேரத்தைத் தரட்டும்.

தங்கள் மருமகள்,
நுஸைபா

பின்குறிப்பு: மேலே கெஞ்சியதை விட்டுவிடுங்கள், மாமா. உறையை ஒட்டும்போது அய்யாத்துரை அண்ணாச்சி போன் செய்தார். "நான் உழுற மத்த ஏழு காட்டுலயும் மூலைக்கு டிராக்டர் போகாதுல்லா. சும்மாதான் கெடக்கு. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அவிய ஒனக்கு விட்டுத் தாரோம்னுட்டாவ" என்றார். ஏழு காடு, இருபத்தெட்டு மூலை. பூவனலிங்கம் காடு மட்டும் முக்கோணம். ஆக, இருபத்தேழு. எனக்கு அது போதும். நிலத்தைச் சோலார்காரருக்கே கொடுங்கள். கையெழுத்துப் போடும்போது நான்கு மூலையை மட்டும் எனக்கு விட்டுக் கொடுங்கள். முப்பத்தொன்று.

கடிதத்தைத் தபாலில் போட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு பை சுண்ணாம்புப் பொடி வாங்கிக்கொண்டு இடைசெவல் பஸ் ஏறினேன். பூவனலிங்கம் காட்டில் மூன்று மூலைக்கும் எல்லைக் கோடு போட்டேன்.